அடுப்படிப் பகையும் அரங்கத்து ரொட்டியும்

"சண்டையில் ஆரம்பித்துக் கல்யாணத்தில் முடிகிற நாவல்களைப் படிக்கலாமா தோழரே? படித்தால் வர்க்க உணர்வு மழுங்கிப் போகுமா?"

மணப்பாறைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் வேலை செய்யும் பெண் தோழர்கள் சிலர் நம்மைக் கேட்ட கேள்வி இது. சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். ஆனால் கேட்டவர்களின் கண்ணில் கொஞ்சம் பயமும் இருந்தது. கட்சிக்காரன் என்றால் கதைப் புத்தகத்தைப் பிடுங்கி எறிவான் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள் போலும்.

படியுங்கள், தோழர்களே! எட்டு மணி நேரம் ஸ்பிண்டிலுக்கு முன்னால் நின்று, பஞ்சுத் தூசியை விழுங்கிவிட்டு, விடுதிப் பாயில் வந்து விழுகிறவள் நாலு பக்கம் கதை படித்தால் எந்தப் புரட்சியும் நின்றுவிடாது. அவளுடைய கைபேசியைப் பூட்டி வைக்கும் விடுதிக் காவலாளி வேலையை நாமும் செய்ய வேண்டியதில்லை. ரமணிசந்திரன் கதைகளைத் தாய்மார்களும் பெண்களும் பல்லாண்டுகளாக விரும்பிப் படித்து வருகிறார்கள். இன்று கைபேசியிலேயே தொடர்கதைகள் வருகின்றன. திமிர் பிடித்த நாயகன், வணங்காமுடி நாயகி, முதல் சந்திப்பிலேயே மோதல், கடைசியில் மாலை. ஆங்கிலப் புத்தகச் சந்தையிலோ இதற்கென்று தனி அலமாரியே உண்டு. எதிரிகள் காதலர்களாகும் கதை என்று பெயர் வைத்தே விற்கிறார்கள். அதிலும் இப்பொழுது சமையலறையில் நடக்கும் கதைகளுக்கு நல்ல கிராக்கி. இரண்டு ஓட்டல்காரர்கள், இரண்டு சமையல் வல்லுநர்கள், ஒரே அடுப்புக்குப் போட்டி, ஒருவர் குழம்பை மற்றவர் குறை சொல்வது, பிறகு அதே கரண்டியில் இருவரும் ருசி பார்ப்பது!

படிக்கலாமா என்ற கேள்விக்கு இவ்வளவுதான் பதில். படித்த பிறகு என்ன கேட்க வேண்டும் என்பதே நாம் பேச வேண்டிய விஷயம்.

இந்த வகைக்கு நல்லதொரு உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். மட்டமானதை எடுத்து அடிப்பது சுலபம், அதில் பயனில்லை. கனடா நாட்டு டொரன்டோ நகரைச் சேர்ந்த உஸ்மா ஜலாலுதீன் என்ற எழுத்தாளர் 2021-இல் எழுதிய 'ஹனா கான் கேரிஸ் ஆன்' என்னும் நாவல். முஸ்லிம் குடும்பம் ஒன்று சிறிய பிரியாணிக் கடை நடத்துகிறது. கடை தள்ளாடுகிறது. மகள் ஹனா அங்கே பரிமாறுகிறாள். வானொலியில் கதை சொல்ல வேண்டும் என்பது அவள் ஆசை. அந்த நேரத்தில் அதே வட்டாரத்தில், அப்பன் பணத்தோடு ஒரு வாலிபன் வந்து பெரிய பளபளப்பான ஓட்டல் திறக்கிறான். மூண்டது சண்டை! ஆனால் இவள் பெயர் மறைத்து ஒலிபரப்பும் நிகழ்ச்சிக்கு, பெயர் மறைத்துக் கடிதம் எழுதும் ரசிகன் ஒருவன் இருக்கிறான். அவன் யார் என்பதை நீங்களே ஊகித்துவிடுவீர்கள். அந்த எழுத்தாளரை நாம் பாராட்டுகிறோம். புலம்பெயர்ந்த முஸ்லிம்கள் மீது வெறியர்கள் பாய்வதை அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தாயின் கடை நொடிந்தால் வீட்டில் என்ன ஆகும் என்ற கவலையும் அதில் உண்டு.

இந்த மாதிரிக் கதைக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. அதைப் பார்த்தால் ஒரு சூட்சுமம் விளங்கும். 1937-இல் ஹங்கேரிய எழுத்தாளர் மிக்லோஷ் லாஸ்லோ ஒரு நாடகம் எழுதினார். அதை வைத்து லூபிட்ஷ் என்ற டைரக்டர் 1940-இல் அமெரிக்காவில் 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' என்று படம் எடுத்தார். புடாபெஸ்ட் நகரத்து ஒரு கடை. அதில் வேலை செய்யும் ஆணும் பெண்ணும் நேரில் கீரியும் பாம்பும். பெயர் தெரியாமல் கடிதத்தில் காதலர்கள். கவனியுங்கள்: இருவருமே கூலிக்காரர்கள். கடை முதலாளி தவறான சந்தேகத்தின் பேரில் ஒரு நாள் அந்த ஆணை வேலையை விட்டே நீக்குகிறான். வேலை போனால் தெரு என்ற பயம் படம் முழுவதும் நிழலாய்த் தொடர்கிறது. இருவர் சண்டைக்கும் அந்தப் பயமே பாதிக் காரணம்.

1998-இல் இதே கதையை 'யூ ஹாவ் காட் மெயில்' என்று மறுபடி படமாக எடுத்தார்கள். இந்தத் தடவை அவள் சின்னப் புத்தகக் கடைக்காரி. அவன் ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் பெரும் புத்தகக் கம்பெனியின் முதலாளி. அவன் கடை திறக்கிறான். அவள் கடை மூடுகிறது. அம்மா காலத்திலிருந்து நடந்த கடை! கடைச் சிப்பந்திகள் வேலை இழக்கிறார்கள். அவர்களில் ஒருவர் விழுங்கிய கடையிலேயே வேலைக்குப் போகிறார். கடைசியில் என்ன? பூங்காவில் முத்தம். படம் முடிந்தது. பெரிய மீன் சின்ன மீனை விழுங்கியது. விழுங்கப்பட்ட மீன் பெரிய மீனைக் காதலித்தது. கொட்டகையில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

ஐம்பத்தெட்டு ஆண்டுகளில் என்ன மாறியது பார்த்தீர்களா? 1940-இல் சண்டைக்காரர்கள் இரு தொழிலாளிகள். அவர்களுடைய பகை பொய்ப் பகை. ஆகவே அது காதலாய்க் கரைந்தது நியாயம். 1998-இல் பகை நிஜப் பகை. மூலதனம் சிறு கடையைத் தின்னும் பகை. அதையும் அதே முத்தத்தால் கரைத்துக் காட்டுகிறார்கள். நிஜமான பகையை எடுத்துக்கொண்டு, அதை வெறும் கோபதாபமாகச் சுருக்கி, 'இருவரும் கொஞ்சம் கர்வத்தை விட்டார்கள், சரியாய்ப் போயிற்று' என்று முடிப்பது இந்த வகைக் கதைகளின் தந்திரம். கர்வத்தை இருவருமே விட்டார்கள் என்பது உண்மைதான். கடையை விட்டவள் ஒருத்தி மட்டுமே.

இனி அந்தச் சமையலறைக்குள் போய்ப் பார்ப்போம். நாவலில் வரும் சமையலறையில் நெருப்பு உண்டு, வாசனை உண்டு, வெங்காயம் நறுக்கும் அழகு உண்டு, பரிசுப் போட்டி உண்டு. கழுவ வேண்டிய பாத்திரம் மட்டும் இருக்காது! நூறு பேர் சாப்பிட்ட தட்டு எங்கே போகிறது? கதாசிரியருக்குத் தெரியாது.

நமக்குத் தெரியும். திருச்சியில் சத்திரம் பஸ் நிலையத்தைச் சுற்றியோ ஜங்ஷன் பக்கமோ எந்த ஓட்டலின் பின்வாசலிலும் போய் நில்லுங்கள். சரக்கு மாஸ்டர், டிபன் மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், சப்ளையர், மேஜை துடைக்கும் பையன், எல்லோருக்கும் கீழே கிளீனர். விடியற்காலம் அடுப்பு மூட்டினால் நள்ளிரவுக்குச் சற்று முன்தான் அணைகிறது. முன்னால் கல்லாவில் மின்விசிறி. பின்னால் சித்திரை வெயிலோடு சேர்ந்து கல்லடுப்பின் அனல். பரோட்டா மாஸ்டரின் முழங்கையைப் பார்த்தால் எண்ணெய் தெறித்த தழும்பு தெரியும். கிளீனரின் விரலிடுக்கைப் பார்த்தால் சோப்புக்காரத்தில் வெந்த சேற்றுப்புண் தெரியும். வயலில் நாற்று நடும் பெண்ணின் காலில் இருக்கும் அதே புண்தான். ஓட்டல் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் 1958-இலேயே வந்துவிட்டது. வேலை நேர வரம்பும் வார விடுமுறையும் அதில் எழுதியிருக்கிறது. எத்தனை அடுப்படிகளில் அந்த எழுத்துப் படிக்கப்படுகிறது என்பதை ஓட்டல் தோழர்களைக் கேளுங்கள்.

அந்தப் பின்வாசலில் காதல் இல்லையா? உண்டு. பாத்திரம் கழுவும் பெண்ணுக்கு, யாரும் பார்க்காதபோது சூடாய் ஒரு தோசையை இலையில் சுற்றி வைக்கும் டிபன் மாஸ்டர் இல்லாமலா போவார்? அந்தக் காதலுக்கு நாவல் இல்லை. நாவலில் வரும் சமையல்காரன் ஒன்று கடை முதலாளியாக இருப்பான், அல்லது ஆகப் போகிறவனாக இருப்பான்.

நம் திருவரங்கத்துக்கே ஒரு கதை இருக்கிறது. எதிரி, காதல், சமையலறை மூன்றும் அதில் உண்டு. உலகத்துப் பதிப்பகங்களுக்கு இது தெரிந்தால் விடமாட்டார்கள்!

1311-இல் மாலிக் காபூரின் படையும், 1323-இல் உலூக் கானின் படையும் தெற்கே வந்தன. திருவரங்கம் கொள்ளை போயிற்று, ஊர் சீரழிந்தது. இது சரித்திரம். இதை ஒட்டிக் கோயிலொழுகு என்ற பழைய ஏடு ஒரு கதை சொல்கிறது. அரங்கனின் உற்சவ விக்கிரகம் கொள்ளைப் பொருள்களோடு டில்லிக்குப் போயிற்றாம். சுல்தானின் மகள் அதை விளையாட்டுப் பொம்மையாய் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அதன்மேலேயே காதல் கொண்டாளாம். இங்கிருந்து போனவர்கள் பாடி ஆடி, சுல்தானை மகிழ்வித்து, விக்கிரகத்தைத் திரும்பப் பெற்று வந்தார்கள். பிரிவு தாங்காத அந்தப் பெண் பின்தொடர்ந்து திருவரங்கம் வரைக்கும் வந்து உயிர்விட்டாள். அவளே துலுக்க நாச்சியார். கோயிலுக்குள் அவளுக்குச் சந்நிதி உண்டு. சிலை கிடையாது; சுவரில் தீட்டிய சித்திரம்தான். அந்தச் சித்திரத்துக்குக் கோயில் மடைப்பள்ளியிலிருந்து கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் போகின்றன. அரங்கனுக்கே கைலி கட்டும் வழக்கமும் இருக்கிறது.

நடந்ததா, நடக்காததா என்று நாம் வழக்காட வரவில்லை. ஜனங்கள் இந்தக் கதையைக் கட்டி, பல நூற்றாண்டு காலம் காத்து வந்திருக்கிறார்கள் என்பது போதும். படையெடுத்து வந்தவன் மகளுக்கு, அவள் ஊர்ச் சாப்பாட்டையே செய்து கொடுத்திருக்கிறார்கள். பழைய படையெடுப்பைச் சொல்லிச் சொல்லி இன்றைய முஸ்லிம் அண்டை வீட்டுக்காரன் மேல் ஆத்திரம் மூட்டுகிற மதவெறியர்கள், திருவரங்கம் மடைப்பள்ளியில் ஏன் ரொட்டி சுடுகிறார்கள் என்பதை விளக்கட்டும். ரொட்டியை நிறுத்த வேண்டும் என்று கேட்கும் துணிச்சல் அவர்களுக்கு உண்டா?

இதற்கு நேர்மாறான கதையும் அதே ஊரில் இருக்கிறது. வெள்ளையம்மாள் என்ற கோயில் தாசி. படைத் தளபதியிடம் ஆசை காட்டுவதுபோல் நடித்து, அவனைக் கீழைக் கோபுரத்தின் மேலே அழைத்துப் போய்க் கீழே தள்ளிவிட்டுத் தானும் குதித்து இறந்தாள் என்பது கதை. அந்தக் கோபுரத்துக்கு இன்றும் வெள்ளைக் கோபுரம் என்றே பெயர். அவளுடைய நினைவாக, கோயில் தாசிகள் இறந்தால் சிதைக்கு மடைப்பள்ளியிலிருந்து நெருப்புக் கொடுத்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. எதிரியை உண்மையாய்க் காதலித்தவளுக்கு மடைப்பள்ளி ரொட்டி. காதலிப்பதாய் நடித்துக் கொன்றவளுக்கு அதே மடைப்பள்ளியின் நெருப்பு. நாவலாசிரியர்கள் இதைவிடப் பெரிய கதையை எங்கே தேடுவார்கள்?

ஆனால் மில் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். சுல்தான் மகளுக்குக் கோயிலுக்குள்ளே இடம் கிடைத்தது. அந்த மடைப்பள்ளியின் அரிசி எங்கே விளைந்தது? காவிரிக் கரையில், கொள்ளிடக் கரையில், கோயில் நிலங்களில். அதை நட்டவர்கள் யார்? அறுத்தவர்கள் யார்? பள்ளரும் பறையரும். அவர்கள் எப்போது கோயிலுக்குள் போனார்கள்? சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். டில்லியிலிருந்து வந்ததாய்ச் சொல்லப்படும் பெண்ணின் சித்திரத்துக்கு ரொட்டி கொண்டுபோன அந்தப் பிராகாரத்தில், நெல்லைக் கொண்டுவந்து கொட்டியவனின் நிழலுக்கு இடம் கிடைக்க 1947 வரை ஆயிற்று!

மதம் கடந்தார்கள், மகிழ்ச்சி. பகை கடந்தார்கள், அதுவும் மகிழ்ச்சி. ஆனால் அவள் சுல்தான் மகள். சுல்தான் வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவளின் மகளாய் இருந்திருந்தால் கதை இவ்வளவு தூரம் வந்திருக்குமா? டொரன்டோ நாவலிலும் அப்படித்தான். கடைக்காரி மகளும் கடைக்காரன் மகனும் சேர்கிறார்கள். கிளீனர் எங்கிருந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

சமையலறையில், சாப்பாட்டு மேஜையில் நம் நாடு கண்ட நிஜப் பகை ஜாதிப் பகை. திருச்சிக்கு அது நன்றாகத் தெரியும். தென்னிந்திய ரயில்வேயின் தலைமை அலுவலகம் இருந்த ஊர் இது. அந்த ரயில்வேயின் உணவு விடுதிகளில் 'பிராமணாள்' என்றும் 'இதராள்' என்றும் தடுப்பு வைத்துச் சோறு போட்டார்கள். பொன்மலைப் பட்டறையில் ஒரே எஞ்சினைத் தூக்கி நிறுத்திய தொழிலாளிகள், ஸ்டேஷனில் ஒரே மேஜையில் சாப்பிட முடியாது! சுயமரியாதை இயக்கத்தாரின் கிளர்ச்சிக்குப் பின் 1941-இல் அந்தத் தடுப்பு ஒழிந்தது. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் மறியல் தொடங்கினார். மாதக்கணக்கில் நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தோம். 2012-இல் திருவரங்கத்திலேயே ஓர் உணவு விடுதி அந்தச் சொல்லை மறுபடியும் பலகையில் ஏற்றியது. மறுபடியும் எதிர்ப்பு எழுந்தது. டீக்கடைகளின் இரட்டைக் குவளையைப் பற்றி விவசாயத் தொழிலாளிகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எம்.ஜி.ஆர். தம் சத்துணவுத் திட்டத்தை 1982 ஜூலை 1-ஆம் தேதி தொடங்கி வைத்தது நம் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில்தான். பள்ளியில் சோறு போடும் வேலையை 1956-இல் காமராஜ் அரசு தொடங்கியது. இது அதைப் பெரிதாக விரித்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, யார் சமைத்தாலும் சாப்பிட வேண்டும். இது சின்னக் காரியமல்ல. அதனால்தான் ஜாதித் திமிர் அங்கே போய் முட்டுகிறது. 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் குலத்துப் பெண் சமைக்கக்கூடாது என்று சிலர் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் அவரை உடனே வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அந்த உத்தரவு ரத்தாயிற்று, வழக்கும் பதிவாயிற்று. ஒரு சட்டிச் சோற்றைச் சமைத்ததற்கு இவ்வளவு பகை! அந்தத் தகராறுக்காரர்களும் அந்தச் சமையல்காரத் தாயும் ஒருநாள் பார்வையில் உருகிச் சமாதானமாய்ப் போவார்கள் என்று எந்த நாவல் எழுதும்? எழுதினால் அது பொய். சங்கமும் சட்டமும் ஊர்க்கூட்டமும் அந்த இடத்தில் தேவைப்பட்டன.

இனிக் காதலுக்கே வருவோம். ஏனென்றால் மில் விடுதித் தோழர்கள் கேட்டது காதலைப் பற்றித்தான்.

நாவலில் எதிரிகள் காதலர்களாகிறார்கள். நம் ஊரில் நடப்பது இதற்குத் தலைகீழ்: காதலர்களை எதிரிகளாக்குகிறார்கள். 2016 மார்ச் 13-ஆம் தேதி உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே, பட்டப்பகலில், தலித் வாலிபர் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். அவர் செய்த குற்றம் கவுசல்யாவை மணந்தது. 2025 ஜூலை 27-ஆம் தேதி பாளையங்கோட்டையில் கவின் என்ற இளம் பொறியாளர் கொல்லப்பட்டார். அங்கும் காரணம் வேற்று ஜாதிப் பெண்ணோடு கொண்ட அன்புதான். 2024 ஜூனில் திருநெல்வேலியில் ஜாதி மறுப்புத் திருமணம் ஒன்றை நடத்தி வைத்ததற்காக மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து கண்ணாடிகளையும் நாற்காலிகளையும் உடைத்தார்கள். உடைத்தவர்கள் எதற்கு அஞ்சினார்கள்? இரண்டு பேர் மாலை மாற்றியதற்கு! 2025 ஆகஸ்டில் அக்கட்சியின் மாநிலச் செயலாளர் பெ. சண்முகம், தமிழ்நாட்டில் உள்ள கட்சி அலுவலகங்கள் ஜாதி மறுப்புத் திருமணங்களுக்குத் திறந்திருக்கும் என்று அறிவித்தார். எந்தக் காதல் நாவலிலும் நாம் இப்படி ஒரு கல்யாண மண்டபத்தைப் படித்ததில்லை.

ஆகவே, 'கர்வம் கரைந்து காதல் வந்தது' என்ற வரியைப் படிக்கும்போது, அந்த ஆலைப் பெண்ணின் நெஞ்சு ஏன் உருகுகிறது என்று நமக்குப் புரிகிறது. அவளைச் சூழ்ந்த உலகத்தில் எதுவும் கரைவதில்லை. மேஸ்திரி கரைவதில்லை, அப்பன் கரைவதில்லை, ஜாதி கரைவதில்லை. கல்யாணத்தின் பேரைச் சொல்லியே அவளை ஆலைக்குள் கொண்டுவந்தவர்கள் உண்டு. சுமங்கலித் திட்டம் என்று பெயர். மூன்று வருஷம் வேலை செய். முடிவில் மொத்தமாய்ப் பணம். அது உன் கல்யாணச் செலவுக்கு. நடுவில் உடம்பு சுகமில்லாமல் திரும்பிப் போனால் அந்தத் தொகையும் போயிற்று என்று கண்கலங்கிய பெண்கள் எத்தனையோ பேர். கல்யாணக் கனவைக் காட்டிக் கூலியை நிறுத்தி வைக்கிறவனும் ஒரு கதாசிரியன்தான்! அவன் கதையைவிட அந்த நாவல் எவ்வளவோ மேல். நாவலில் நாயகி எதிர்த்துப் பேசுகிறாள். நாயகன் மன்னிப்புக் கேட்கிறான். இந்த இரண்டும் நடக்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. அதைப் பார்த்துக் கேலி செய்கிற படிப்பாளித் தோழர்கள், முதலில் தங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு வாரம் பாத்திரம் கழுவிவிட்டு வரட்டும்.

எது பொய்ப் பகை, எது நிஜப் பகை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும் என்பதே நம் வாதம். பொய்ப் பகை காதலால், சிரிப்பால், ஒரு கப் டீயால் தீரும். நிஜப் பகையில் ஒருவன் கையில் இன்னொருவனின் கூலி இருக்கிறது, நிலம் இருக்கிறது, கடைச் சாவி இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்காமல் அவன் எவ்வளவு அழகாய்ப் புன்னகைத்தாலும் அது தீராது.

பொய்ப் பகைக்கு இன்றைய திருச்சியில் உதாரணம் வேண்டுமா? மறுபடியும் ஓட்டல் பின்வாசலுக்கே போவோம். ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் அங்கே மாவு பிசைகிறார்கள், சப்பாத்தி தேய்க்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் உள்ளூர் கிளீனருக்கு அவன்மேல் எரிச்சல். "இவனுங்க வந்துதான் நம்ம கூலி கெட்டுது." அவனுக்கோ இவருடைய பேச்சும் புரியாது, முகச்சுளிப்பு மட்டும் புரியும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்களைக் கைபேசியில் பரப்பியபோது, உயிருக்குப் பயந்து ரயில் ஏறியவர்கள் இவர்கள்தான். கூலியைக் கெடுத்தவன் யார்? குறைந்த கூலிக்கு ஆள் தேடிப் பிடித்து வந்தவன், கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறான். இரண்டு தொழிலாளிகளும் முறைத்துக்கொள்ளும் வரையில் அவனுக்குத் தூக்கம் நன்றாய் வரும்.

இரவு கடை சாத்திய பிறகு இந்த இருவரும் ஒரே சட்டியின் அடியில் மிஞ்சியதைப் பங்கிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். வேலைநிறுத்தக் காலங்களில் நம் சங்கங்கள் வைத்த கஞ்சித் தொட்டிகளை மூத்த தோழர்கள் நினைத்துப் பார்க்கட்டும். அதுவரை ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்காதவர்கள் அதே தொட்டியில் குவளையை நீட்டினார்கள். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கியவர், பத்தாம் நாள் பக்கத்து ஆளின் குழந்தைக்குச் சேர்த்து வாங்கிப் போனார். அங்கேயும் பகையில் ஆரம்பித்து அன்பில் முடிந்த கதைகள் உண்டு; சிலது கல்யாணத்திலும் முடிந்திருக்கிறது. வடக்கிலிருந்து வந்த பெண்ணின் சித்திரத்துக்கு ரொட்டி சுடத் தெரிந்த ஊருக்கு, வடக்கிலிருந்து வந்து ரொட்டி சுடுகிற பையனை நேசிக்கத் தெரியாமல் போகுமா?

இதையெல்லாம் யார் எழுதுவது? டொரன்டோவிலிருந்து யாரும் வந்து எழுதமாட்டார்கள். கேள்வி கேட்ட மணப்பாறைத் தோழர்களே, நீங்கள் எழுதுங்கள். விடுதிச் சமையலறையில் குழம்புக்காக நீங்கள் போட்ட சண்டை, மேஸ்திரியோடு போட்ட சண்டை, பக்கத்துப் பாய்க்காரியோடு போட்டு மறுநாளே மறந்த சண்டை, உங்கள் நெஞ்சில் ஒளித்து வைத்திருக்கிற ஆள், எதுவானாலும் சரி. இரண்டு தாளுக்குள் எழுதி நம் பத்திரிகைக்கு அனுப்புங்கள். பிழை இருந்தால் நாம் திருத்திக்கொள்கிறோம். ஆலையின் பேரும் உங்கள் பேரும் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம். ஆனால் கதையில் பாத்திரம் கழுவுகிறவருக்கு மட்டும் மறக்காமல் ஒரு பெயர் வையுங்கள்.